கிளாம்பா, டின்னா

நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்கு வடக்கே இரண்டாவது தெருவில் பாஸ்கரன் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. டைவர் பாஸ்கரன் என்றால் தெரியும். புதிதாகக் குடிவந்தவர்கள் அதை டிரைவர் என்று எடுத்துக்கொண்டு, விடியற்காலை ஏர்போர்ட்டுக்கு வண்டி வருமா என்று கேட்டு வருவதுண்டு. அவர் மனைவி அனுசுயா வாசலிலேயே நின்று, "அவரு வண்டி ஓட்றவரு இல்லீங்க. தண்ணியில மூழ்கிப் போனவங்கள எடுக்கறவரு" என்பாள். கேட்டவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் அவ்வளவாக வரமாட்டார்.

பிழைப்பு அது இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக லேத் ஓட்டுகிறார். பித்தளை வால்வுகளுக்கு மரை வெட்டுவதில் அவர் கைக்கு நல்ல பேர். முடியளவு பிசகினால்கூடக் கையில் எடுத்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் கழிவுப் பெட்டியில் போட்டுவிடுவார்.

தண்ணீர் வேலை ஞாயிற்றுக்கிழமை வேலை. மாங்காட்டுக்கு அந்தப் பக்கம் கல் எடுத்து முடித்துக் கைவிட்ட குவாரிகள் இருக்கின்றன. மழைத்தண்ணீர் நின்று நின்று அறுபது அடி, எழுபது அடி ஆழம். மேலே பார்க்கப் பச்சையாக, அழகாக இருக்கும். பத்தடிக்குக் கீழே கையை மூக்குக்கு நேரே கொண்டுவந்தாலும் தெரியாது. லீவு நாளில் குளிக்க வருகிறவர்களில் வருஷத்துக்கு இரண்டு பேராவது உள்ளேயே தங்கிவிடுவார்கள். கிணற்றில் விழுந்த மோட்டார்களை எடுக்கும் தொழில் செய்யும் பாபு, பாஸ்கரனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். பதினோரு வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் போலீஸ்காரர்கள் பாபுவைத் தேடி வந்தார்கள். பாபுவால் தண்ணீருக்கடியில் மூச்சடக்க முடியாது. பாஸ்கரனால் முடியும். "நீ ஒருவாட்டி எறங்கிப் பாரு மச்சான்" என்றான் பாபு. அப்படித்தான் ஆரம்பித்தது.

பிறகு பாபு துறைமுகத்துப் பக்கமிருந்து ஒரு பழைய சிலிண்டரும், வாயில் வைத்து மூச்சு இழுக்கும் ரெகுலேட்டரும் வாங்கிவந்தான். சிலிண்டர் பாபுவினுடையது, ரெகுலேட்டர் பாஸ்கரனுடையது என்று ஆயிற்று. பாபு கரையில் கயிறு பிடிப்பான். இவர் கண்ணை மூடிக்கொண்டு அடியில் கையால் தடவிப் போவார். திறந்து வைத்திருந்தாலும் ஒன்றும் தெரியாது, பயம்தான் வரும் என்பதால் மூடிக்கொள்வது பழக்கமாகிவிட்டது. துணி தட்டுப்பட்டால் மூன்று முறை கயிற்றை இழுப்பார். இதுவரை உயிரோடு யாரையும் எடுத்ததில்லை. எடுக்கவும் முடியாது. ஆள் தேடி, சேதி போய், இவர் வண்டி எடுத்து வருவதற்குள் எப்படியும் ஒரு மணி நேரம் ஆகிவிடும். "நான் போறது அவங்களுக்காக இல்ல, கரையில ஒக்காந்திருக்கறவங்களுக்காக" என்று ஒருமுறை அனுசுயாவிடம் சொன்னார்.

நிவேதிதா என்ற பெண் பட்டறைக்கு வந்தது நான்கு வருஷத்துக்கு முன்பு. முகப்பேரில் ஃபிளாட், ஐ.டி. கம்பெனியில் வேலை, சொந்த ஊர் தென்காசிப் பக்கம். லீவு கிடைத்தால் கடலில் டைவிங் போகிறவள். அவளுடைய சிலிண்டரில் வால்வு துருவேறி இறுகிவிட்டது. யாரோ பாஸ்கரனைக் கைகாட்டியிருக்கிறார்கள். அவர் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "இதே மாதிரி ஒண்ணு எங்ககிட்டயும் கீதும்மா" என்று பேச்சுக் கொடுத்தார். அவர் சொன்னதையெல்லாம் அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு அவரைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனக்குத் தெரிந்த ஒரு பயிற்சி இடத்துக்குக் கூட்டிப்போய் முறையாகப் படிக்க வைத்தாள். எந்த வேகத்தில் மேலே வர வேண்டும், காதில் ஏறும் அழுத்தத்தை எப்படிச் சமன் செய்வது என்பதெல்லாம் ஏழு வருஷம் தண்ணீரில் இறங்கியபிறகுதான் அவருக்குத் தெரியவந்தது.

"அண்ணா, நீங்க ஒரு தடவையாவது அந்தமான்ல இறங்கணும். முப்பது அடிக்குக் கீழயும் அடி மண்ணு பளிச்சுனு தெரியும்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பாஸ்கரனுக்கு அது ஒரு ஆசையாகப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் தண்ணீருக்கடியில் இருந்தும் தண்ணீருக்கடியில் எதையுமே பார்த்ததில்லை. அனுசுயாவும் விடவில்லை. "ஊருக்கெல்லாம் பொணம் எடுக்கற. ஒரு நாளு மீன் பாத்துட்டு வாயேன்" என்றாள். இருவருமாக நிவேதிதாவோடும் அவள் தோழிகளோடும் ஜனவரியில் போவதாக முடிவாயிற்று.

அதற்கு நடுவில்தான் பழைய ரெகுலேட்டர் பழுதானது. குவாரிப் பாறையின் அடியில் ஒரு விளிம்புக்குள் நுழைந்தபோது, முதுகுப் பக்கம் சிலிண்டரைக் கவ்வியிருந்த பிடி பாறையில் மோதி அசைந்துவிட்டது. காற்று கொப்பளித்துக்கொண்டு வெளியே போயிற்று. எப்படியோ மேலே வந்து சேர்ந்தார். புதிது வாங்கியே ஆக வேண்டும்.

ரெகுலேட்டரைச் சிலிண்டரோடு பொருத்த இரண்டு வழி உண்டு. ஒன்று கிளாம்ப். சிலிண்டர் வாயைச் சுற்றிக் கவ்விப் பின்னாலிருந்து ஒரு திருகால் இறுக்குவது. மற்றது டின். சிலிண்டர் வாய்க்குள்ளேயே மரையேற்றித் திருகி உட்கார வைப்பது. கிளாம்ப் கிடைக்காத இடமில்லை. டின் வெளியே துருத்தாது, மோதினாலும் அசையாது, அதிக அழுத்தம் தாங்கும். ஆனால் அதற்கேற்ற வாய் உள்ள சிலிண்டர் வேண்டும்.

மூன்று வாரம் பாஸ்கரன் இதையே நினைத்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது தட்டு ஓரத்தில் விரலால் வட்டம் போட்டுக்கொண்டிருப்பார். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இவ்ளோ யோசிக்கல" என்றாள் அனுசுயா.

நிவேதிதா டின் பக்கம். "அங்க படகுல இருக்கற சிலிண்டர் ரெண்டுக்கும் சரியா வரும். உள்ள ஒரு சின்னத் துண்டு இருக்கும், கழட்டினா டின், மாட்டினா கிளாம்ப். டின் வாங்கிட்டு, கிளாம்ப் சிலிண்டர்லயும் மாட்டற மாதிரி ஒரு அடாப்டர் வச்சுக்கிட்டீங்கன்னா உலகத்துல எங்க வேணாலும் போகலாம்ணா."

பாபு கிளாம்ப் பக்கம். "நம்ம சிலிண்டரு பழசு மச்சான். கிளாம்ப் மட்டுந்தான் ஏறும். நீ டின்னு வாங்கினு வந்தா அத்த எங்க மாட்டுவ, என் வாயிலயா?"

"அடாப்டர் போட்டுக்கலாம். தீவாளிக்குள்ள சிலிண்டருக்குப் புது வால்வு மாத்திக்கலாம்" என்றார் பாஸ்கரன்.

"அப்ப பழச குடுத்துடாத. பழுது பாத்து வச்சிக்கோ."

பாஸ்கரன் அதைக் கேட்கவில்லை. பாறையில் மோதிய அந்த நிமிஷம் அவருக்கு மறக்கவில்லை. பழையதைப் பார்க்கவே பிடிக்காமல், உதிரிக்கு ஆகும் என்று கேட்ட ஒரு காசிமேட்டு ஆளிடம் கொடுத்துவிட்டார். டின் வாங்கினார்.

ரெகுலேட்டர் வந்தது. அடாப்டர் வரவில்லை. ஸ்டாக் இல்லை, ஆறு வாரம் ஆகும் என்றார்கள். பாஸ்கரன் சிரித்துக்கொண்டார். பித்தளையில் மரை வெட்டுவதுதானே தினப்படி வேலை. ஒரு சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் மீந்துபோன பித்தளைத் துண்டு ஒன்றை லேத்தில் மாட்டினார். அஞ்சு பை எட்டு மரை, காற்று கசியாமலிருக்க ரப்பர் ரிங் உட்காரும் பள்ளம், எல்லாவற்றையும் அவரே கடைந்தார். பளபளவென்று வந்தது. பாபு வீட்டில் சிலிண்டரில் பாதிக் காற்று இருந்தது. அதில் மாட்டி, தண்ணீர் டிரம்முக்குள் முக்கிப் பார்த்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை.

"கில்லாடிடா நீ" என்றான் பாபு.

செப்டம்பர் மாதம் ஒரு ஞாயிறு, மாலை நாலு மணிக்கு பாபுவின் போன் வந்தது. உதிரி பாகக் கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் ஐந்து பையன்கள் காலை ஷிப்ட் முடித்துக் குளிக்க வந்திருக்கிறார்கள். அதில் சந்தோஷ் என்பவன் பாறையிலிருந்து குதித்து மேலே வரவில்லை. வயது இருபத்திரண்டு. பாஸ்கரன் போய்ச் சேரும்போது ஐந்தாகப் பத்து நிமிஷம். தீயணைப்பு வண்டி நின்றது. அவர்களிடம் இருந்த மூச்சுக் கருவி புகைக்குள் போவதற்கானது, தண்ணீருக்கானது அல்ல. கொக்கி போட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கரையில் ஒரு பெண் தனியாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். நீல நிற யூனிபார்ம் புடவை. ஏதோ கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலையிலிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும். பையனின் அம்மா, பேர் பொன்னியம்மா என்றார்கள். அவள் அழவில்லை. பாஸ்கரன் தண்ணீரில் இறங்கும் கருப்பு உடையை மாட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாபு அன்று சிலிண்டரில் முழுக் காற்று பிடித்து வைத்திருந்தான். பாஸ்கரன் அடாப்டரைப் பொருத்தி, ரெகுலேட்டரைத் திருகி, வால்வைத் திறந்தார்.

சீறிக்கொண்டு காற்று வெளியே வந்தது.

மூடினார். கழற்றிப் பார்த்தார். ரப்பர் ரிங் பள்ளத்திலிருந்து பிதுங்கி ஒரு பக்கம் நாக்கு மாதிரி தொங்கியது. மாற்று ரிங் இரண்டு இருந்தது. ஒன்றைப் போட்டுத் திறந்தார். அதுவும் பிதுங்கியது. அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. பள்ளத்தை முடியளவு ஆழமாகக் கடைந்திருக்கிறார். பாதிக் காற்றுக்குத் தாங்கியது, முழு அழுத்தத்துக்குத் தாங்கவில்லை. பட்டறையில் வேறு எவனாவது இப்படிச் செய்திருந்தால் பெட்டியில் தூக்கிப் போட்டிருப்பார்.

கடைசி ரிங்கையும் போட்டார். அது கொஞ்ச நேரம் நின்றது. வாயில் வைத்துக்கொண்டு எழுந்தபோது மறுபடி சீறியது. வால்வை மூடி, காற்றின் அளவு காட்டும் முள்ளைப் பார்த்தார்கள். கால் பாகம்கூட இல்லை.

"இதோட போயிட்டு வந்துடறேன்" என்றார் பாஸ்கரன்.

பாபு அவர் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டான். "எங்க போற? அறுபதடியில இது புட்டுக்கிச்சின்னா உன்ன எட்க்க நா யாரக் கூப்பிடுவேன்?"

"உடுடா."

"உடமாட்டேன். இன்னா பண்ணுவ?"

அங்கிருந்த போலீஸ் இன்ஸ்பெக்டரும் வேண்டாம் என்றார். நிவேதிதாவுக்குப் போன் போட்டார்கள். அவள் புதுச்சேரியில் கடலில் இருந்தாள், போன் எடுக்கவில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. பழைய ரெகுலேட்டரை வாங்கிய காசிமேட்டு ஆளும் ஊரில் இல்லை. கடைசியில் இன்ஸ்பெக்டர் காலையில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

அதைப் பொன்னியம்மாவிடம் சொல்லும் வேலை பாஸ்கரனுக்கு வந்தது. அவளுக்கு எதிரே உட்கார்ந்து, "காலையில எட்த்துடறேம்மா. வெளிச்சம் இல்ல" என்றார். கருவியைப் பற்றிச் சொல்லவில்லை.

அவள் தண்ணீரைப் பார்த்தாள். "அடியில ஜில்லுனு இருக்குமா நைனா?" என்று கேட்டாள்.

அடியில் எலும்பு வரைக்கும் குளிரும். பாஸ்கரனுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

"இல்லம்மா. மேலதான் குளிரு. கீழ வெதுவெதுப்பாத்தான் இருக்கும்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஆனால் அங்கிருந்து எழுந்து போகவில்லை.

இரவில் சேதி தெரிந்து, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நிவேதிதா தன் சிலிண்டரோடு நேராகக் குவாரிக்கே வந்துவிட்டாள். டின் ஏறும் வாய் அதற்கு. பாஸ்கரனின் ரெகுலேட்டர் ஐந்து சுற்றில் போய் அசையாமல் உட்கார்ந்தது. எந்தச் சத்தமும் இல்லை. பதினோரு நிமிஷத்தில் சந்தோஷ் கையில் தட்டுப்பட்டான். குதித்த இடத்திலிருந்து இருபதடிகூடத் தள்ளி இல்லை. நேற்றே இறங்கியிருந்தால் நேற்றே பதினோரு நிமிஷத்தில் கிடைத்திருப்பான். அவனை அணைத்துக்கொண்டு மேலே வரும்போது பாஸ்கரன் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அடாப்டரைச் சுத்தியால் தட்டி நசுக்கினார். "அந்தப் புள்ள முந்தியே போயிட்டான் இல்ல? நீ இன்னா பண்ணியிருக்க முடியும்?" என்றாள் அனுசுயா. அது உண்மைதான். அதைச் சொன்னவர்கள் எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

ஜனவரியில் அந்தமான் போனார்கள். டிக்கெட்டை ரத்து செய்ய அனுசுயா விடவில்லை. அனுசுயா கரையில் இருந்துகொண்டாள். மற்றவர்கள் படகில் ஏறி நடுக்கடலுக்குப் போனபோது வெயிலில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. படகுச் சிலிண்டரில் அவர் ரெகுலேட்டர் ஒரே தடவையில் பொருந்தியது. எல்லோரும் சேர்ந்து இறங்கினார்கள்.

மேலே வந்ததும் நிவேதிதா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "என்னண்ணா ஆச்சு உங்களுக்கு?"

"ஏம்மா?"

"கடைசி வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டே இருந்தீங்க. அடியில போய் மண்ணைத் தடவிக்கிட்டே போறீங்க. கைடு தோள்ல தட்டினாரு, அதுகூட உங்களுக்குத் தெரியல."

பாஸ்கரனுக்கு அப்படிச் செய்தது நினைவில் இல்லை. விரல் நகங்களுக்குள் மணல் இருந்தது.

மத்தியானம் மறுபடி இறங்கினார். இந்த முறை கண்ணை வலுக்கட்டாயமாகத் திறந்து வைத்துக்கொண்டார். மஞ்சள் மீன்கள் கூட்டமாக வந்து, முகத்துக்கு முன்னால் பிரிந்து போயின. நீலத்தில் ஒரு மீன், ஊதாவில் விசிறி மாதிரி ஏதோ ஒன்று, பாறை இடுக்கில் தலைநீட்டிய ஓர் ஆமை. எல்லாம் நிவேதிதா சொன்ன மாதிரியே இருந்தது. யாருடைய வீட்டு டிவியிலோ பார்ப்பது போல அவர் பார்த்தார். முன்னால் நீந்திக்கொண்டிருந்த ஒரு வடநாட்டுப் பையன் படம் எடுப்பதற்காகக் கையை விரித்துக்கொண்டு அசையாமல் மிதந்தான். பாஸ்கரன் போய் அவன் இடுப்பைப் பிடித்துவிட்டார். பையன் உதறிக்கொண்டு திரும்பினான். கண்ணாடிக்குள் அவன் கண்கள் பயத்தில் விரிந்தன. பாஸ்கரன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மேலே வந்துவிட்டார். மீதி இரண்டு நாளும் கரையிலேயே இருந்தார்.

"மீன் பாத்தியா?" என்று அனுசுயா கேட்டபோது, "நிறைய" என்றார்.

அந்த வருஷம் ஆகஸ்ட் கடைசியில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பட்டறை வாசலில் ஒரு அம்மா நிற்கிறாள் என்று சொன்னார்கள். பொன்னியம்மா. அதே நீலப் புடவை. ஆவடியிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறாள். மடியிலிருந்து நான்காக மடித்த ஜெராக்ஸ் ஒன்றை எடுத்து நீட்டினாள். சந்தோஷின் இறப்புச் சான்றிதழ்.

"வருஷ திதி வருது நைனா. திதி குடுக்கறவரு இதுல கீற தேதிய பாத்துட்டுத் திங்கக்கெழமன்னு சொல்றாரு. ஞாயித்துக்கெழமன்னா வேற திதியாம். எங்க ஊட்டுக்காரரு ஞாயிறுன்றாரு. நீதான் அவன கையில தூக்குன. உனக்குத் தெரிஞ்சிருக்கும். எந்த நாளு?"

"ஞாயிறுதாம்மா" என்றார் பாஸ்கரன். "குதிச்ச அஞ்சு நிமிசத்துலயே போயிருப்பான்."

"அப்ப எதுக்குத் திங்கக்கெழமன்னு எழுதிகீறாங்க?"

"அது நான் எட்த்த நாளு."

அவள் அந்தக் காகிதத்தை மறுபடி பார்த்தாள். "நீ ஏன் அன்னிக்கே எடுக்கல?" கோபமாகக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதைக் கேட்டாள்.

வெளிச்சம் இல்லை என்று மறுபடி சொல்லியிருக்கலாம். பாஸ்கரனுக்கு அது வாயில் வரவில்லை. "காத்து வர்ற குழாய மாட்ட நானே ஒரு சாமான் செஞ்சேம்மா. இங்க, இந்த மிசின்லதான். அது சரியா ஒக்காரல. என் கையில வந்த தப்பு."

மெஷின்கள் நின்றிருந்ததால் பட்டறை அமைதியாக இருந்தது. பொன்னியம்மா அந்த லேத்தைப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று பாஸ்கரன் காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவள் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

"யாரைக் கேட்டாலும் ஒண்ணொண்ணு சொல்றாங்க" என்றாள். "ரெண்டு நாளும் குடுத்துடறேன். எது போய்ச் சேருதோ சேரட்டும்."

டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அரை நாள்தான் லீவு சொல்லியிருக்கிறேன் என்றாள். அவளை பஸ் ஸ்டாப்பு வரை கூட்டிப்போனார். வெயிலில் இருவரும் நின்றார்கள். பஸ் வர நேரமாயிற்று. வந்த பஸ்ஸில் படிக்கட்டு வரை கூட்டம். யாரோ ஒரு பெண் கை கொடுத்து அவளை உள்ளே இழுத்துக்கொண்டாள். கூட்டத்துக்குள் நீலப் புடவை எது என்று தெரியவில்லை. பஸ் போனபிறகும் பாஸ்கரன் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். பிறகு பட்டறையில் சாப்பாட்டு நேரம் முடிந்ததற்கான பெல் கேட்டது.